அப்பாவின் பழைய ஸ்டீரியோ ஆம்ப்: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

வடக்குரதவீதி:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா 1987இல் சவுதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, லக்கேஜில் போட்டால் தூக்கி எறிவார்கள் என்று விமானத்தில் காலடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஜப்பான் செட். பின்னால் 35 வாட் + 35 வாட், 8 ஓம் என்று அச்சடித்திருக்கிறது. போன வருஷம் வரை ஒரு தொந்தரவும் இல்லை.

இப்போது இடது பக்க ஸ்பீக்கர் அரைமணி நேரம் பாடிவிட்டுத் திடீரென்று மங்கி நின்றுவிடுகிறது. வால்யூமை நன்றாகக் கூட்டினால் 'டப்'பென்று திரும்பி வரும், குறைத்துக் கேட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விடும். வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்கிறது. போதாததற்கு இரண்டு பாக்ஸிலும் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல், வால்யூமை பூஜ்யத்தில் வைத்தாலும் போகவில்லை. ராத்திரியில் நன்றாகவே கேட்கிறது.

ஊரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். மூடியைக்கூட முழுசாகக் கழற்றாமல், உள்ளே எல்லாம் செத்துப்போச்சு, 4,500 ரூபாய் கொடுங்கள், புது டிஜிட்டல் போர்டு போட்டு 200 வாட் ஆக்கித் தருகிறேன், புளூடூத்தும் வரும் என்கிறார். மைத்துனர் இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டு சவுண்ட்பார் வாங்கச் சொல்கிறார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அவரிடம் அறுபது எழுபது எல்பி ரெக்கார்டு இருக்கிறது, டர்ன்டேபிள் நல்லபடி ஓடுகிறது. புதிது என்றால் 20,000 வரை செலவழிக்கலாம். என்ன செய்ய?

ஈயப்புகை:

தம்பி, செட்டை அந்த மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வந்திருந்தால் முதலில் போய் வாங்கி வந்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் சத்தம் திரும்பி வருகிறது என்கிறீர்கள் பாருங்கள், ஸ்பீக்கரை ஓட்டுகிற அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருந்தால் அப்படி வராது, போனது போனதுதான். இது எங்கேயோ ஒரு முனை சரியாகத் தொடாத கோளாறு. செட்டை ஆன் செய்து மூன்று நாலு விநாடி கழித்து உள்ளே 'டிக்' என்று கேட்குமே, அது ஸ்பீக்கர் ரிலே, ஸ்பீக்கரை ஆம்போடு தானாகச் சேர்த்துப் பிரிக்கிற சுவிட்ச். அதன் முனைகள் இத்தனை வருஷத்தில் கறுத்துப்போயிருக்கும். மெதுவாகப் பாடும்போது அந்தக் கறுப்பைத் தாண்ட வோல்டேஜ் போதாது, கூட்டினால் உடைத்துக்கொண்டு போய்விடும். முப்பது வருஷம் செட் பார்த்த கை இது, இந்த ஒரு கோளாறுக்காகக் காயலான் கடைக்குப் போன நல்ல செட்டுகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் ரிலேதான் என்று நானும் இங்கிருந்தே முடிவுகட்டக் கூடாது இல்லையா. செட்டை அணைத்துவிட்டு இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மட்டும் மாற்றிச் செருகுங்கள். போகிற பக்கம் அப்போது வலதுக்கு வந்துவிட்டால் ஸ்பீக்கரும் வயரும் நல்லவை, குற்றம் ஆம்பில் அல்லது அதற்கு முன்னால். அடுத்து வயர்களைப் பழையபடி வைத்துவிட்டு, உள்ளே வரும் சிவப்பு வெள்ளை பின்களை மாற்றுங்கள். இப்போது கோளாறு பக்கம் மாறினால் பாட்டு வருகிற கருவியிலோ அதன் வயரிலோ பிரச்சினை, மாறாவிட்டால் ஆம்பேதான். அப்புறம் முன்பக்கம் 'டேப் மானிட்டர்' என்று ஒரு பட்டன் இருக்கும். யாரும் தொடாமலே தூசு பிடித்துக் கிடக்கும், ஒரு பக்கம் போவதற்கு அதுவும் பெரிய காரணம். செட்டை அணைத்துவிட்டு அதை ஒரு முப்பது தடவை அழுத்தி எடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

'ம்ம்ம்' வேறு கதை. நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ், ஏசியை டிசியாக்கும் டயோடைத் தாண்டும்போது 100 ஆகும், அந்த மேடுபள்ளத்தைச் சமப்படுத்துவதுதான் பெரிய ஃபில்டர் கண்டென்சர்களின் வேலை. அவை வற்றினால் அந்த 100 ஸ்பீக்கருக்கு வந்துவிடும். வால்யூம் பூஜ்யத்திலும் கேட்கிறது, இரண்டு பக்கமும் கேட்கிறது என்பதால் என் சந்தேகம் அங்கேதான்.

நேர்ப்பேச்சு:

ஈயப்புகை அண்ணன் சொல்வது தப்பில்லை, ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். எனக்கும் இப்படி ஒரு பாசம் இருந்தது. என்னுடையது எஸ்டிகே ஐசி, அதாவது அவுட்புட் வேலை முழுவதையும் ஒரே கட்டிக்குள் அடைத்த சிப், போட்ட செட். ஐசி போனது, வாங்கிப் போட்டேன், இரண்டு நாள் பாடியது. அடுத்தது ஆன் செய்ததுமே புகை. மூன்றாவது ஒரு மாதம் ஓடியது, போகும்போது ஒரு ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போனது. அப்புறம்தான் விசாரித்தேன், அந்த வகை ஐசி செய்த சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவையே 2011இல் ஆன் செமிகண்டக்டர் வாங்கிவிட்டது, இன்று கடையில் 'ஒரிஜினல்' என்று பளபளவென்று கிடைப்பதில் பெரும்பாலும் வேறு சரக்கை உள்ளே வைத்து மேலே பெயர் அடித்தது. ஐசி செலவு, மெக்கானிக் கூலி, பஸ் செலவு, ஸ்பீக்கர் கோன் மாற்றிய செலவு எல்லாம் கூட்டினால் பாதி புது ஆம்ப் வந்திருக்கும்.

அதனால் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்கில் பெரிய கறுப்புக் கட்டியாக, ஒரே வரிசையில் நிறையக் கால்களோடு எஸ்டிகே என்று ஒன்று இருந்து, அதுதான் போயிருக்கிறது என்றால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: அப்பாவுக்கு என்ன வயது? ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் வால்யூம் திருகுகிற வயதா? நான் வாங்கிய புது ஆம்பில் எனக்கு மிகவும் பிடித்தது சத்தம் இல்லை, ரிமோட்.

வாட் அதிகம் வேண்டும் என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். 35ஐ 70 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்குக் கொஞ்சம் கூடின மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

வடக்குரதவீதி:

இருவருக்கும் நன்றி. செட் வீட்டுக்கு வந்துவிட்டது, மெக்கானிக் முகம் சரியில்லை, பரவாயில்லை.

ஸ்பீக்கர் வயரை மாற்றினேன், கோளாறு வலதுக்கு வந்தது. பழையபடி வைத்துவிட்டு பின்களை மாற்றினேன், இடதே போனது. ஆக ஆம்ப்தான். டேப் மானிட்டர் பட்டனை முப்பது தடவை அழுத்தியதில் கரகரப்பு துளி குறைந்த மாதிரி இருக்கிறது, மனப்பிரமையாகவும் இருக்கலாம், பக்கம் போவது நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கி ஒரு ராத்திரி விட்டு, காலையில் மூடியைத் திறந்தேன். எஸ்டிகே எதுவும் இல்லை, ஹீட்சிங்கில் நாலு டிரான்சிஸ்டர், இரண்டில் 2எஸ்சி, இரண்டில் 2எஸ்ஏ என்று தொடங்கும் நம்பர். இரண்டு பெரிய கண்டென்சர், 6800 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். ஒன்றின் தலை லேசாக உப்பியிருக்கிறது. தீய்ந்த இடம் எதுவும் கண்ணில் படவில்லை. பின்னால் ஒரு வோல்டேஜ் திருகி இருக்கிறது, 110, 120, 220, 240 என்று. அது 220இல் நிற்கிறது, சவுதியிலேயே அப்படி வைத்ததாக அப்பா சொல்கிறார். வீட்டுக் கரண்டை அளந்தேன், காலையில் 243.

நேர்ப்பேச்சு, அப்பாவுக்கு 74. எல்பியைத் திருப்பிப் போட எப்படியும் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்திருக்கிறார், ரிமோட் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார்.

ஈயப்புகை:

நாலு டிரான்சிஸ்டர் என்றால் நல்ல செய்தி, பின்னாளில் போனாலும் மாற்றுக்கு வழி உண்டு. இன்னும் ஒன்றை அளந்துவிடுங்கள். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, வால்யூம் பூஜ்யத்தில், செட் ஆன் ஆகி ரிலே தட்டிய பிறகு, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனையின் பிளஸ் மைனஸில் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை மறுபடி மாட்டாதீர்கள். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு உரசல் போதும், நாலு டிரான்சிஸ்டரில் இரண்டு காலி.

அந்தத் திருகியைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு 240க்கு மாற்றுங்கள். 220இல் வைத்து 243 கொடுத்தால் உள்ளே எல்லா வோல்டேஜும் பத்து சதவீதம் கூடுதலாக ஓடுகிறது, இத்தனை வருஷம் உங்கள் செட் தேவையில்லாமல் சூடாகியிருக்கிறது. கண்டென்சர் உப்பியதற்கு வயதோடு அதுவும் சேர்ந்திருக்கும்.

அந்த 200 வாட் போர்டு விஷயத்துக்கு வருகிறேன். இப்போது எல்லோரும் போடுவது டிபிஏ3116 என்ற சிப் உள்ள சின்ன பச்சை போர்டு. சிப் நல்ல சிப்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது 26 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 24 வோல்ட் கொடுத்து உங்கள் 8 ஓம் பாக்ஸில் பாடவிட்டால் சுமார் 30 வாட் தரும், அதாவது இப்போது இருப்பதைவிடக் குறைவு. உங்கள் டிரான்ஸ்பார்மர் கொடுப்பதோ பிளஸ் மைனஸ் முப்பது சொச்சம் வோல்ட் இருக்கும், அந்த போர்டுக்கு ஒத்தே வராது. அப்படியென்றால் டிரான்ஸ்பார்மரையும் கழற்றி எடுத்துவிட்டு ஒரு லேப்டாப் சார்ஜர் மாதிரி சப்ளையைத்தான் உள்ளே வைக்க வேண்டும். எல்பிக்கான ஃபோனோ சர்க்யூட்டும் அதோடு போச்சு. இரண்டு கிலோ செம்பும் இரும்பும் யாரிடம் போகும் என்று நான் சொல்லமாட்டேன். போர்டு வேண்டுமானால் தனியாக ஒரு சின்னப் பெட்டியில் வாங்கிக்கொள்ளுங்கள், இதன் வயிற்றைக் கிழிக்காதீர்கள்.

என் கணக்கில் உங்களுக்கு வேண்டியது ஒரு ரிலே, இரண்டு கண்டென்சர், வால்யூமுக்கும் பட்டன்களுக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்துவிடாதீர்கள். ரிலே மேல் எழுதியிருக்கும் காயில் வோல்டேஜையும் கால் அமைப்பையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பழைய ரிலேயின் முனையை உப்புத்தாளால் தேய்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள், வெள்ளிப் பூச்சு போய் ஆறே மாதத்தில் மறுபடி கறுக்கும். ரிலேயை நேராக ஷார்ட் பண்ணிவிடலாம் என்று இன்னும் சில மேதாவிகள் சொல்வார்கள். நாளைக்கு ஒரு டிரான்சிஸ்டர் போனால் முழு டிசியும் ஸ்பீக்கர் காயிலில் போய் எரித்துவிடும். கண்டென்சர் அதே 6800, வோல்ட் 50 அல்லது 63, 105 டிகிரி சூடு தாங்கும் வகை. பெரிசு நல்லது என்று 22,000 எல்லாம் போட வேண்டாம், ஆன் செய்யும்போது டயோடுக்குப் பாரம். விலை ரொம்பக் குறைவாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள், பெரிய உறைக்குள் சின்னதை வைத்து விற்கிறார்கள்.

வேலை முடிந்ததும் நேராகச் சுவரில் செருகாமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். பல்பு ஒரு மின்னல் மின்னி மங்கினால் சரி. நின்று எரிந்தால் உடனே அணைத்துவிட்டு எங்கே தப்பு என்று பார்க்க வேண்டும்.

அரக்குத்தட்டு:

எல்பி பற்றி ஒரு வார்த்தை. டர்ன்டேபிளிலிருந்து வருவது நாலைந்து மில்லிவோல்ட்தான், அதுவும் பாஸைக் குறைத்து டிரெபிளைக் கூட்டி வெட்டியது. அதை நிமிர்த்துவதற்குத்தான் ஃபோனோ சர்க்யூட். புது ஆம்ப் பார்க்கப் போனால் பின்னால் 'ஃபோனோ' என்று ஒரு ஜோடியும் பக்கத்தில் எர்த் திருகும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் பட்ஜெட்டில் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது, இல்லாவிட்டால் தனியாக ஃபோனோ பிரீஆம்ப் செலவு. சவுண்ட்பாரில் எல்பி கேட்பது பற்றி உங்கள் மைத்துனரிடம் நான் பேச விரும்பவில்லை.

வடக்குரதவீதி:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். டிசி அளந்தேன், இடது 18, வலது 11 மில்லிவோல்ட். பக்கத்து ஊரில் கடையை மூடிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் பழைய டிவி மெக்கானிக் ஒருவர் கிடைத்தார். பாகம் எல்லாம் நானே வாங்கிக் கொடுத்தேன், கூலியோடு சேர்த்து 1,850 ரூபாய். பல்பு மின்னி மங்கியது.

பழைய ரிலேயின் பிளாஸ்டிக் மூடியைப் பிளந்து பார்த்தோம், இடது பக்க முனை அடுப்புக்கரி மாதிரி இருந்தது, வலதும் ஒன்றும் யோக்கியமில்லை. இப்போது ராத்திரி வால்யூமை ரொம்பக் குறைத்து வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினேன், ஒரு தடவைகூடப் போகவில்லை. 'ம்ம்ம்' கேட்க வேண்டுமென்றால் பாக்ஸில் காதை ஒட்ட வேண்டும். மிச்சப் பணத்தில் ஒரு சின்ன புளூடூத் ரிசீவர் வாங்கி 'ஆக்ஸ்' பின்னில் செருகியிருக்கிறேன், அப்பா உட்கார்ந்த இடத்திலேயே போனில் கூட்டிக் குறைக்கிறார். நேர்ப்பேச்சுக்கு அதில் பாதி நன்றி.

ஒரே ஒரு குறை, முன்பக்கம் பவர் விளக்கு எரியவில்லை. எல்இடி போட்டுவிடலாமா?

ஈயப்புகை:

முதலில் அந்த இரண்டு வயரில் எவ்வளவு வருகிறது, ஏசியா டிசியா என்று அளந்து சொல்லுங்கள். நேராக எல்இடி வைத்தால் பொட்டென்று போய்விடும், ரெசிஸ்டர் வேண்டும், ஏசியாக இருந்தால் டயோடும் வேண்டும். அவசரம் இல்லை. விளக்கில்லாமலும் பாடும்.