காலை ஆறு மணி நடையில் வைட்டமின் டி கிடைக்குமா? வீட்டிலிருந்து வேலை, வீட்டிலேயே படிப்பு: ராமநாதபுரம் கடலோர விவாதம்

உப்புக்காற்று (உச்சிப்புளி):
நம் பகுதிப் பெற்றோர் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. "வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களும் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளும் காலை ஆறு மணி முதல் ஆறரை வரை அரியமான் கடற்கரையில் நடந்தால் போதும். வைட்டமின் டி, கண் பார்வை, உடல் எடை மூன்றுக்கும் அதுவே மருந்து. வேறெதுவும் தேவையில்லை." எழுதியவர் பெயர் போடவில்லை. கடைசி வரியில் "ஒழுக்கமே உடல்நலம்" என்று இருப்பதைப் பார்த்தால் யார் என்று தெரியாமலும் இல்லை.

என் பிள்ளைகள் இருவரும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் படிக்கிறார்கள். நான் மடிக்கணினியோடு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். எங்களைப் போன்றவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்து எழுதிய அறிவுரை அது. இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி: தை மாதத்தில் நம் ஊரில் சூரியன் எழுவதே ஆறரைக்கு மேல்தான். ஆறிலிருந்து ஆறரை வரை நடந்தால் எந்த வெயிலில் வைட்டமின் டி வரும்? நிலா வெளிச்சத்திலா?

விசில் வாத்தியார் (ராமநாதபுரம்):
எழுதியவன் நான்தான். மறைந்துகொள்ள எனக்கு அவசியம் இல்லை. வாழ்நாள் முழுவதும் மைதானத்தில் நின்றவன் நான். தம்பி நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்கு வெயில் பாடம் எடுக்கிறார். இளவெயிலில் வைட்டமின் டி உண்டு. பிறந்த குழந்தையை இளவெயிலில் காட்டச் சொன்ன நம் பாட்டிமார்கள் முட்டாள்களா? ஆறரை மணி நடை போதும் என்றால் போதும்.

உப்புக்காற்று:
பாட்டியை ஏன் இழுக்கிறீர்கள் ஐயா? நான் பாட்டியோடு சண்டை போடவில்லை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் சாய்வாக வருகிறது. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரை, அதாவது பி வகைக் கதிரை, ஓசோன் படலம் வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. வெளிச்சம் வரும், இதமான சூடும் வரும், அந்தக் கதிர் மட்டும் பேருக்குத்தான் வரும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் பயன்படும் என்பது எளிய கணக்கு. நம் கடற்கரையில் சித்திரையில் ஒன்பதேகால் மணிக்கே நிழல் அந்த அளவுக்கு வந்துவிடும். மார்கழியில் பத்து மணி ஆகும். ஆறரைக்கு உங்கள் நிழல் பனைமர உயரத்துக்கு நீண்டு கிடக்கும்.

விசில் வாத்தியார்:
அப்படியானால் பிள்ளைகளை உச்சிவெயிலில் நிறுத்தச் சொல்கிறீர்கள். நல்ல தகப்பன்.

மாடிவீட்டு லாத்தா (கீழக்கரை):
உச்சிவெயிலில் நிறுத்தச் சொல்லி அவர் எங்கே எழுதியிருக்கிறார்? படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள் சார்.

எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். நான் வீட்டிலிருந்து கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். மகளுக்கும் மகனுக்கும் நானே பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பத்து மணிப் பாடம் முடிந்ததும் மூவரும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவோம். மகள் தன் பாதத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டு அசையாமல் நிற்பாள். நிழலின் உச்சந்தலை விழும் இடத்தில் தம்பி ஒரு கோடு போடுவான். என் தையல் டேப்பை எடுத்து அளப்பார்கள். நிழல் அவள் உயரத்தைவிடக் குறைந்திருந்தால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கால் மணி நேரம் கயிறு தாண்டுவார்கள். குறையாவிட்டால் கீழே இறங்கி அடுத்த பாடம், பிறகு மறுபடி ஏறுவோம். கணக்கும் ஆயிற்று, அறிவியலும் ஆயிற்று.

இன்னொன்று. எங்கள் தெருவில் பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் நடக்க அனுப்புவது நடக்கிற காரியமா? உடலை மூடி நடக்கும் பெண்ணுக்கு எந்த வெயில் தோலில் படும்? சுற்றுச்சுவர் உயரமாக உள்ள மாடி எங்களுக்குப் பெரிய வரம். உங்கள் செய்தியில் பெண்கள் என்ற சொல்லே இல்லை.

விசில் வாத்தியார்:
மொட்டைமாடி வீட்டைச் சேர்ந்தது அம்மா. கடற்கரைக்கு அது ஈடாகாது. பெண்களுக்கும் ஆறரை மணியே சிறந்தது. துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகலாம்.

மாடிவீட்டு லாத்தா:
துணைக்கு நீங்கள் வருகிறீர்களா?

பாம்பன் வல்லம்:
சிரிப்பாக இருக்கிறது. கடற்கரை என்ன உங்கள் மைதானமா? காலையில் வலை காயப்போட்டிருப்போம், ஓலைப் பாயில் கருவாடு விரித்திருப்போம். அதன்மேலேயே ஷூ போட்டு நடந்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகிறீர்கள். வலைக் கண்ணில் ஷூ மாட்டினால் இழுத்து அறுத்துக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நின்று பார்ப்பதுகூட இல்லை.

உடற்பயிற்சிதான் வேண்டும் என்றால் கரைவலை இழுக்க வாருங்கள். கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்பக்கமாகவே மணலில் குதிகாலை ஊன்றி ஊன்றி வர வேண்டும். மீன் சேரும் வலைப்பையான மடி கரை சேர மணிக்கணக்காகும். உள்ளங்கை காய்த்துப் போகும். எங்கள் பிள்ளைகளுக்கு அதிக எடையும் இல்லை, வைட்டமின் வழக்கும் இல்லை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த 2020, 21இல் பாதிப் பேர் கரையில்தான் வளர்ந்தார்கள். பாடம் போயிற்று, அது வேறு கதை.

தொண்டிக்காரன்:
பாம்பன் அண்ணன் சொல்வது சரி. கூடவே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அரியமான் பாக் நீரிணைப் பக்கம். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் அங்கே அலையே தெரியாது. அதைப் பார்த்துவிட்டு வடகிழக்கு வாடைக்காற்று தொடங்கிய பிறகும் "அமைதிக் கடல்" என்று பிள்ளைகளைக் குளிக்க இறக்குகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதே கடல் வேறு மாதிரி புரளும். மன்னார் வளைகுடாப் பக்கம் இதற்கு நேர்மாறு. நடக்கச் சொல்பவர்கள் எந்த மாதம், எந்தக் கரை என்று சொல்ல வேண்டாமா? எங்கள் தொண்டிக் கரை இதற்கெல்லாம் எவ்வளவோ மேல். சங்கப் பாடல்களே பாடிய துறைமுகம்.

பாம்பன் வல்லம்:
சங்கப் பாடல் புகழ்ந்த சேரர் தொண்டி மேற்குக் கரையில் இருந்தது. உங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

தொண்டிக்காரன்:
பாலம் இருக்கிற தைரியத்தில் பேசுகிறீர்கள். 1914இல் வெள்ளைக்காரன் கட்டியது. அதில் ரயிலை நிறுத்தியது முதல் 2025இல் புதுப்பாலம் திறக்கும் வரை உங்களுக்கும் ரயில் இல்லாத நாட்கள் இருந்தன, மறந்துவிட்டதா?

பரமக்குடி கண்ணாடிக்கடை:
ரயிலை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வாருங்கள். கண் பற்றி எழுதியிருப்பதால் வருகிறேன், என் தொழில் இது. கிட்டப்பார்வையோடு, அதாவது தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும் குறையோடு, வரும் பிள்ளைகளின் வயது இறங்கிக்கொண்டே வருகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருக்க வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு. தைவானில் தினமும் 120 நிமிடம் வெளியில் என்று 2010 முதலே பள்ளிகளில் வற்புறுத்துகிறார்கள்.

இதற்கு முக்கியக் காரணம் வெளிச்சத்தின் அளவு என்கிறார்கள். வெயில் தோலில் பட வேண்டும் என்பது இல்லை. வீட்டுக்குள் விளக்கு போட்டால் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்தாலே அதைப்போலப் பல மடங்கு. ஆகவே கண்ணுக்கு நிழல் போதும், நேரம்தான் நிறைய வேண்டும். வைட்டமின் டி தனிக்கணக்கு. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்காதீர்கள்.

விசில் வாத்தியார்:
பார்த்தீர்களா! நிழல் போதும் என்று தொழில் தெரிந்தவரே சொல்லிவிட்டார். ஆறரை மணி நடை போதும் என்றுதானே நானும் சொன்னேன்.

பரமக்குடி கண்ணாடிக்கடை:
நான் அப்படிச் சொல்லவில்லை. நேரம் நிறைய வேண்டும் என்று சொன்னேன், அரை மணி போதாது. அதுவும் பொழுது விடிவதற்கு முன்பு நடந்தால் வெளிச்சம் ஏது?

விசில் வாத்தியார்:
வார்த்தை மாறாதீர்கள். மேலே எழுதியது அப்படியே இருக்கிறது. நிழல் போதும்.

உப்புக்காற்று:
ஐயா, கேட்டது வைட்டமின் டி. பதில் வருவது கண். கண்ணைக் கேட்டால் ஒழுக்கம் வரும். மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்: சூரியன் எழாத நேரத்தில் வைட்டமின் டி எப்படி வரும்?

இன்னொரு தப்பும் இருக்கிறது. 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். பெரியவர் கணக்குக்கு உங்கள் அரை மணி ஓரளவு ஒத்துவரும், பிள்ளைகளுக்குப் பாதிதான். நான் செய்வது இது: ஒரு பாடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிடம் வெளியே துரத்திவிடுவேன். கொல்லையில் சீமைக்கருவேலம் வெட்டி எடுத்த இடத்தில் கில்லி ஆடுவார்கள். மின்சாரம் போனால் அலுவலகக் கூட்டத்தின் அழைப்பும் போய்விடும், அப்போது நானும் இறங்கிவிடுவேன். சாயங்காலம் சைக்கிள். சேர்த்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போகிறோம்.

விசில் வாத்தியார்:
பத்து நிமிடம் துரத்திவிடுவதற்குப் பெயர் பயிற்சியா? பயிற்சிக்கு ஒரு நேரம் வேண்டும், வரிசை வேண்டும், விசில் வேண்டும். கொல்லையில் கில்லி ஆடிய எவன் மாநில அணிக்குப் போயிருக்கிறான்? நான் உருவாக்கிய மாணவர்கள் போலீஸில் இருக்கிறார்கள், ராணுவத்தில் இருக்கிறார்கள். எல்லோரும் ஆறு மணிக்கு மைதானத்தில் நின்றவர்கள். அவர்களில் ஒருவனுக்கும் வைட்டமின் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சென்னையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இங்கே வெயிலுக்கு அட்டவணை போடுகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை.

உப்புக்காற்று:
உங்கள் மாணவர்கள் ஆறு மணிக்கு வந்தார்கள், சரி. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள்? ஒன்பது மணி வரை ஓடவிட்டுவிட்டு, பத்து மணிக்கு வெயிலில் அணிவகுத்து நிற்கவும் வைத்துவிட்டு, "ஆறு மணி நடை" என்று கணக்கு எழுதுகிறீர்கள். என் தாத்தா உச்சிப்புளியில் பனையேறியவர். சென்னைக்காரன் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

மாடிவீட்டு லாத்தா:
பள்ளிக்கு அனுப்பினால் வெயில் படும் என்பதும் பழைய நினைப்பு. விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதானே. ஜன்னல் ஓரம் உட்காருவதால் பயன் இல்லை, கண்ணாடி அந்த பி வகைக் கதிரை விடாது. நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு நேரமும் கூடுதலாக வேண்டும். இவ்வளவு வெயில் அடிக்கிற நாட்டில் வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பது பின்னே எதனால்?

தொண்டிக்காரன்:
விசில் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்த் திருவிழா வாலிபால் போட்டியில் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே விழுந்த பந்தை "உள்ளே" என்று ஊதியவர் இந்த வாத்தியார்தானே? நிழல் எங்கே விழுகிறது என்று இவரிடமா கேட்கிறீர்கள்?

விசில் வாத்தியார்:
பந்து கோட்டைத் தொட்டது. கோடு உள்ளே சேர்ந்தது. விதி தெரியாதவர்களுக்கு நான் என்ன சொல்ல?

தொண்டிக்காரன்:
பந்து விழுந்த இடத்தில் மணல் குழிந்திருந்தது. ஊரே பார்த்தது.

நெறியாளர்:
வாலிபாலுக்குத் தனி விவாத இழை இருக்கிறது. இங்கே பிள்ளைகளின் வெளி விளையாட்டு பற்றி மட்டும் பேசவும்.

விசில் வாத்தியார்:
நெறியாளர் அவர்களே, முதலில் தனிப்பட்ட முறையில் தாக்கியது யார் என்று மேலே போய்ப் பாருங்கள். என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆறு முதல் ஆறரை. அரியமான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே வந்து நடந்து காட்டுகிறேன்.

உப்புக்காற்று:
வாருங்கள். லாத்தாவின் தையல் டேப்பை வாங்கி வருகிறேன். நிழல் விழுந்தால் அளப்போம்.

மாடிவீட்டு லாத்தா:
டேப் தர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தைப்பு வேலை இருக்கிறது. மாடிக்கு வந்து பத்து மணிக்கு அளந்துகொள்ளுங்கள்.

பாம்பன் வல்லம்:
ஞாயிற்றுக்கிழமை அரியமானில் என் மைத்துனன் வலை காயப்போடுவான். போன மாதம் ஷூ மாட்டி அறுந்த கண்களைப் பின்னவே ஒரு பகல் முழுவதும் போயிற்று என்று புலம்பினான். வெள்ளை ஷூ, நீலக் கோடு. வாத்தியார் ஐயா, உங்கள் ஷூ என்ன நிறம்?

விசில் வாத்தியார்:
என் ஷூவுக்கும் வைட்டமின் டிக்கும் என்ன சம்பந்தம்?

பாம்பன் வல்லம்:
நிறத்தைத்தான் கேட்டேன்.