குருவியைத் துரத்தியது டவரா?

வாவிக்கரை:
நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார்: "சென்னையிலும் பெங்களூரிலும் சிட்டுக்குருவி அழிந்தது கைபேசி டவர் கதிரால். மட்டக்களப்புக் கல்லடியிலும் அதுதான் நடக்கிறது." வாசித்ததும் குடித்த தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. 2020இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையைப் பாருங்கள். நாடு முழுக்கப் பார்த்தால் குருவி நிலையாகத்தான் இருக்கிறது. இறக்கம் சென்னை, டில்லி, மும்பை மாதிரியான ஆறு பெருநகரங்களில். டவர் கிராமத்திலும்தானே நிற்கிறது?

கல்லடிக்காரன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்ல வாய் கூசுதோ? எங்கள் வளவுக்குப் பின்னால் டவர் வந்து ஆறு மாதம். அம்மா தாழ்வாரத்தில் குருவிக்குக் கட்டின மண்முட்டிக்குள் இப்போது சிலந்தி வலைதான் இருக்கிறது. டில்லி சும்மாவா 2012இல் குருவியை மாநிலப் பறவை ஆக்கியது?

வாவிக்கரை:
ஆக்கினார்கள். டவரைப் பிடுங்கினார்களா? அதே ஆறு மாதத்தில் ஓட்டு வீட்டை இடித்து மாடி எழுப்பினீர்களா இல்லையா? ஓட்டுச் சந்து போனால் கூடு எங்கே? குஞ்சுக்கு முதல் நாட்களில் தீனி புழு பூச்சிதான். முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்தால் புழு எங்கிருந்து வரும், கடையில் வாங்குவதா?

கல்லடிக்காரன்:
என் முற்றம் வரைக்கும் வந்தாச்சு! கல்லு போன வருசம் பதித்தது. அப்போதும் குருவி இருந்தது. டவருக்குப் பிறகுதான் இல்லை.

மருதமுனையான்:
"அழிவு" என்று எதைச் சொல்கிறீர்கள்? நகரத்தில் காகமும் மாடப்புறாவும் பெருகும், மற்ற இனங்கள் குறையும். தலையை எண்ணினால் கூடும், வகையை எண்ணினால் குறையும். அப்புறம் சென்னைப் பள்ளிக்கரணை. 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்வதற்கு முன்பே அந்தச் சதுப்பில் பெரும்பகுதி கட்டிடமும் குப்பை மேடுமாகிவிட்டது. இங்கே அம்பாறைக் குப்பை மேட்டில் யானை பொலித்தீன் தின்று சாகிறது, நீங்கள் குருவிக்கு மல்லுக்கட்டுகிறீர்கள்.

வாவிக்கரை:
காக்கா, யானை பிறகு. முதலில் டவர்.

மருதமுனையான்:
"காக்கா" என்றது அண்ணன் என்று என்னையா, பறவையையா?

கல்லடிக்காரன்:
இவர் இப்படித்தான் காக்கா. போன மாரியில் முகத்துவாரம் வெட்டுகிற கதையிலும் ஒருத்தரையும் பேச விடவில்லை.

வாவிக்கரை:
அதிலும் நான் சொன்னதுதான் சரி. டவர் நிற்கிற ஊரில் குருவி இருந்தால் உங்கள் கதை முடிந்தது. அதற்குப் பதில் எங்கே?

ஆரையம்பதி அக்கா:
தம்பிமாரே, எங்கட முட்டியில் இரண்டு சோடி குஞ்சு பொரித்திருக்கு. டவர் றோட்டுக்கு அந்தப் பக்கம்.

வாவிக்கரை:
கேட்டீர்களா? றோட்டுக்கு அந்தப் பக்கம்!

கல்லடிக்காரன்:
எந்தக் கம்பெனி டவர் அக்கா? அது குருவிதானா, மைனாவா?

ஆரையம்பதி அக்கா:
நாற்பது வருசமாகக் குருவிக்கு நெல் போடுறவள் நான். எனக்கே மைனா காட்டுறியா?

கல்லடிக்காரன்:
கோவிக்காதீங்க. படம் போடுங்க. பின்னால் டவரும் தெரியவேணும்.

வாவிக்கரை:
அப்படியே உங்கள் முற்றத்துப் படத்தையும் போடுங்கள் தம்பி.