மறுமொழி: வலிப்புநோய் அல்லாத வலிப்புக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வலிப்புநோய் அல்லாத வலிப்பைத் தமிழில் எச்சொல்லால் குறிப்பது என்று நம் குழுவில் நடக்கும் உரையாடலுக்கு என் மறுமொழி இது. பாளையங்கோட்டையில் செவிலியர் மாணவிகளுக்காக நான் எழுதும் துண்டறிக்கை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நோயையும் வலிப்பு என்கிறோம், ஒருமுறை கைகால் வெட்டி இழுப்பதையும் வலிப்பு என்கிறோம். வலிப்புநோயில் மூளையின் மிகை மின்பாய்ச்சலால் வலிப்பு வரும். ஆகவே அம்மின்பாய்ச்சல் இன்றி வருவதைச் சொல்லப் புகுந்தால் 'வலிப்பில்லா வலிப்பு' என்று முட்டி நிற்கிறது.

புலவர் ஐயா 'போலி வலிப்பு' என்கிறார். அறம் என்பது அறன் என நின்றாலும் பொருள் திரியாததால் இலக்கணத்தில் போலி இழிவன்று என்னும் அவர் வாதம் சரியே. ஆனால் ஆலங்குளத்துத் தாய்க்கு அச்சொல்லால் போலி மருத்துவரும் போலி நோட்டுமே நினைவுக்கு வரும். சென்ற மாதம் ஒருவர் என்னிடம், "அப்போ எம் மவ நடிக்காளா சிஸ்டர்?" என்று கேட்டு அழுதார். அவள் நடிக்கவில்லை, அவ்வலிப்பு அவள் விருப்பப்படி வருவதன்று. வலிப்பு வரும்போதே காணொளியும் மூளையின் மின் அலைப் பதிவும் (EEG) ஒருசேர எடுத்தால்தான் வலிப்புநோயையும் இதையும் உறுதியாகப் பிரித்தறியலாம். இதற்கு வலிப்பு மாத்திரை பயன் தராது, உளச்சிகிச்சை உதவும். சிலருக்கு இரண்டுமே உண்டு என்பதால், மாத்திரையைத் தாமாக நிறுத்தத் தூண்டும் எந்தப் பெயரும் தீங்கானது.

'இழுப்பு' எங்கள் பக்கம் மூச்சிரைப்பைக் குறிக்கும். 'இசிவு' ஏற்பிசிவோடு (டெட்டனஸ்) குழம்பும். 'முயலகன்' என்னும் பெயர் பற்றிக் குழுவின் அம்மையார் எழுதிய மடலை இருமுறை படித்தேன். நடராசரின் தாமிர சபை உள்ள நெல்லையில், அக்கூத்தன் காலடியில் கிடக்கும் முயலகனை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருப்பாச்சிலாச்சிராமத்தில் குறுநில மன்னன் கொல்லி மழவன் மகளின் முயலகன் நோயைச் சம்பந்தர் தீர்த்ததும் நாம் அறிந்ததே. ஆயினும் அது வலிப்புநோய்க்கே உரிய பழம்பெயர். நமக்குப் பெயர் வேண்டியது மற்றதற்கு.

பெரும்பாலோர் ஒப்பிய 'உளவழி வலிப்பு' என்பதையே, 'இது நடிப்பன்று' என்னும் வரியுடன் அச்சிடுகிறேன்.

*

அம்மா,

அந்தத் தாயின் கேள்விக்குப் பின், புலவனாகிய நான் சொன்ன 'போலி'யைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் உள்ளத்துக் காரணம் எல்லாரிடமும் தெளிவாகத் தெரிவதில்லை என்று குழுவின் மருத்துவர் தம்பி எழுதியதற்கு உங்கள் மடலில் விடை இல்லை. 'உள' என்றதும் பைத்தியமோ என்று அஞ்சும் வீடுகளும் உண்டு. காரணத்தைப் பெயரிலேயே முடிவு செய்யாமல் 'வேற்றுவலிப்பு' எனலாம். திங்கட்கிழமைக்குள் முடியாதெனில், அடுத்த பதிப்புக்காவது என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.