யூஎஸ்பி ஒலி அட்டை: முதல் அசை கேட்பதில்லை, சில நேரங்களில் அட்டையே மறைந்துவிடுகிறது

வடகரை (கேள்வி):

வணக்கம். டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளமும் க்னோம் மேசைத்தளமும் கொண்ட மடிக்கணினியில் நூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து வருகிறேன். உள்ளமைந்த ஒலிவாங்கியில் மின்விசிறியின் இரைச்சலும் சேர்ந்தே பதிவாவதால், விலை குறைந்த யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்றை வாங்கி, ஒலிவாங்கியையும் ஹெட்போனையும் அதில் இணைத்திருக்கிறேன். இயக்கி எதையும் தனியே நிறுவாமலேயே கணினி அதை ஏற்றுக்கொண்டது. பதிவும் தெளிவாக இருக்கிறது. ஆயினும் இரண்டு சிக்கல்கள் தீரவில்லை.

முதலாவது, சற்று நேரம் எதுவும் ஒலிக்காமல் இருந்து மீண்டும் ஒலிக்கத் தொடங்கினால், முதல் சொல்லின் முன்பகுதி கேட்பதில்லை. 'வணக்கம்' என்று தொடங்கும் பதிவு 'க்கம்' என்றே காதில் விழுகிறது. அறிவிப்பு மணி போன்ற சிறிய ஒலிகள் முற்றிலும் போய்விடுகின்றன. இடைவெளியின்றி ஒலித்துக்கொண்டிருந்தால் எந்தக் குறையும் இல்லை.

இரண்டாவது, வேலைக்கு நடுவே அட்டை மறைந்து, சில நொடிகளில் தானே திரும்பி வருகிறது. அதற்குள் ஒலி மடிக்கணினியின் ஒலிபெருக்கிக்கு மாறிவிடுகிறது. மேலும், ஒலியைப் பதியும் ஏரெகார்டு கட்டளையை வைத்து எழுதியுள்ள என் பதிவு ஸ்கிரிப்டில் அட்டையின் எண் 1 என்று இருக்கிறது. அது சில நாட்களில் தொடக்கத்திலேயே பிழை காட்டி நின்றுவிடுகிறது.

மின்செலவைக் கண்காணிக்கும் பவர்டாப் என்னும் கருவியில் அந்த அட்டைக்கான மின்சேமிப்பை அணைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. வேறு இயங்குதளம் உள்ள கணினியில் முதல் சிக்கல் தெரியவில்லை. அட்டையை மாற்றிவிடுவதுதான் வழியா?

கருந்திரை:

அட்டையை மாற்றும் முன், பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அடியில் கெர்னலின் (இயங்குதளத்தின் மையக்கருவின்) யூஎஸ்பி பகுதி, அதற்கு மேல் லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான ஆல்சாவின் எஸ்என்டி-யூஎஸ்பி-ஆடியோ இயக்கி, அதற்கும் மேல் பைப்வயர் என்னும் ஒலிச் சேவையகமும் அதற்காக முடிவுகளை எடுக்கும் வயர்பிளம்பரும் இருக்கின்றன. பவர்டாப்பில் நீங்கள் அணைத்தது அடி அடுக்கின் மின்சேமிப்பை மட்டுமே. வயர்பிளம்பர் தன் போக்கில் இன்னொன்றைச் செய்கிறது: 5 நொடிகள் எந்த ஒலியும் ஓடாவிட்டால் அது அட்டையை மூடிவிடும். உங்கள் முதல் சிக்கல் அதனால்தான் என்று கருதுகிறேன்.

இதை ஊகமாக விட வேண்டியதில்லை. முனையத்தில் 'கேட் /ப்ராக்/அசவுண்ட்/கார்ட்ஸ்' என்று கொடுத்து அட்டையின் இப்போதைய எண்ணை அறிந்துகொள்ளுங்கள். அது 1 என்றால், அதே இடத்தில் உள்ள 'கார்டு1/ஸ்ட்ரீம்0' கோப்பை 'வாட்ச்' கட்டளையின் மூலம் தொடர்ந்து பார்த்தபடி ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு நிறுத்துங்கள். ஒலிக்கும்போது 'பிளேபேக்' பகுதியில் நிலை 'ரன்னிங்' என்று இருக்கும். நிறுத்திச் சில நொடிகளில் 'ஸ்டாப்' என்று மாறினால் மூடுவது வயர்பிளம்பர்தான்.

அதனால் ஏன் சொல் அறுபடுகிறது என்றால், யூஎஸ்பி ஒலி வரையறையின்படி அட்டையின் ஒலி இடைமுகத்துக்கு 0 என்றொரு மாற்று நிலை உண்டு. அந்த நிலையில் ஒலித் தரவைக் கொண்டுசெல்ல அதற்கென யூஎஸ்பியில் பட்டையகலம் எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. மூடும்போது இயக்கி அட்டையை அந்த நிலைக்குத் தள்ளுகிறது. மறுபடி ஒலி வரும்போது 1 அல்லது அதற்கு மேற்பட்ட நிலைக்கு மாற்றி, மாதிரி வீதத்தையும் புதிதாகச் சொல்கிறது. மலிவான அட்டைகள் பல, 'டப்' என்ற ஓசை எழாமல் இருப்பதற்காக, இந்த மாற்றத்தின்போது தம் வெளியீட்டைச் சிறிது நேரம் அடைத்து வைக்கின்றன. கணினி தரவை அனுப்பத் தொடங்கிவிட்டது, அட்டை இன்னும் வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் 'வண' போய்விடுகிறது. மற்றொரு இயங்குதளம் அட்டையைத் திறந்தபடியே வைத்திருந்தால் இந்தக் குறை வெளிப்படவே வாய்ப்பில்லை.

உறுதி செய்ய விரும்பினால், பைப்வயரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, அதைத் தேவைப்படும்போது எழுப்பும் சாக்கெட்டையும் சேர்த்து நிறுத்தாவிட்டால் அது உடனே எழுந்துவிடும் என்பதை மறவாமல், ஒலிக்கச் செய்யும் 'ஏபிளே' கட்டளையில் 'பிளக்எச்டபிள்யூ' என்னும் ஆல்சா வழியாக நேரே அட்டைக்கு ஒரு கோப்பை அனுப்புங்கள். அப்போதும் முதல் அசை போய், கோப்பின் முன்னால் ஒரு நொடி அமைதியைச் சேர்த்தபின் முழுமையாகக் கேட்டால், அட்டை விழித்தெழ எடுக்கும் நேரமே காரணம். மென்பொருளால் அந்த நேரத்தைக் குறைக்க முடியாது. அட்டையை உறங்கவிடாமல் வைத்திருக்கலாம். வயர்பிளம்பரில் 'செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்' என்னும் பண்புக்கு இந்த அட்டையின் வெளியீட்டில் மட்டும் 0 என்று கொடுத்தால் அது மூடாது.

ஆலமரம்:

மேலே சொன்னது முதல் சிக்கலுக்குப் பொருந்தும். இரண்டாவது அதன் தொடர்ச்சி அல்ல. வயர்பிளம்பர் அட்டையை மூடினாலும் அது பட்டியலில் இருக்கும். முற்றிலும் மறைகிறது என்றால் யூஎஸ்பி இணைப்பே அறுகிறது. அட்டை மறைந்தவுடன் 'ஜர்னல்சிடிஎல் -கே' கொடுத்துக் கெர்னல் பதிவேட்டின் கடைசி வரிகளைப் பாருங்கள். 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்ற வரியும், உடனே புதிய எண்ணில் அதே அட்டை இணைந்த வரியும் இருந்தால், கேபிள், ஹப், மின்சாரம் ஆகியவற்றை அந்த வரிசையிலேயே சந்தேகியுங்கள். இடையில் 'எர்ரர் -71' என்று வந்தால் சமிக்ஞை சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் கேபிளோ துளையோதான்.

அட்டையை ஹப்பில் (ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் கருவியில்) செருகியிருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. 'எல்எஸ்யூஎஸ்பி -டி' அதை மரம்போல் விரித்துக் காட்டும். தனி அடாப்டர் இல்லாமல் கணினியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் யூஎஸ்பி 2.0 ஹப், வரையறைப்படி தன் ஒவ்வொரு துளைக்கும் 100 மில்லி ஆம்பியர் மட்டுமே உறுதி அளிக்கிறது. கணினியின் துளையோ 500 மில்லி ஆம்பியர் தரவல்லது. அதே ஹப்பில் வெளிப்புற வன்தட்டு ஒன்று சுழலத் தொடங்கினால், ஒலி அட்டைக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் தாழ்ந்து அது தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளக்கூடும்.

ஸ்கிரிப்ட் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பிழைச் செய்தியைப் படித்தால் எது என்று தெரியும். 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றால் எண் மாறியிருக்கிறது. அட்டைகளுக்கு எண் கொடுக்கப்படுவது கெர்னல் அவற்றைக் கண்டறியும் வரிசையில்தான். ஆகவே எண்ணை நம்பி எதையும் எழுதக்கூடாது. மேற்சொன்ன 'கார்ட்ஸ்' பட்டியலில் சதுர அடைப்புக்குள் இருக்கும் பெயரை எடுத்து, 'பிளக்எச்டபிள்யூ:கார்டு=' என்பதன் பின் எழுதுங்கள். 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று வந்தால் எண் சரியே. வேறொரு நிரல் அந்தப் பதிவு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. 'ஃபியூசர் -வி /டெவ்/எஸ்என்டி/*' அது யார் என்று காட்டிக்கொடுக்கும்.

வடகரை:

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே நிலை 'ரன்னிங்' என்பதிலிருந்து 'ஸ்டாப்' ஆக மாறுகிறது. அட்டை ஹப்பில்தான் இருந்தது. காப்புப்பிரதி எடுக்கும் வன்தட்டும் அதிலேயே இருந்தது. அட்டையைக் கணினியின் துளைக்கு மாற்றியபின் மறைவது நின்றிருக்கிறது. ஸ்கிரிப்டில் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் வயர்பிளம்பர் மாற்றம் வேலை செய்யவில்லை. அந்தப் பண்பை 0 ஆக்க இணையத்தில் கண்ட விதியை 'வயர்பிளம்பர்.கான்ஃப்.டி' அடைவில் சேமித்து, கணினியை மறுதொடக்கமும் செய்தேன். பிழைச் செய்திகூட இல்லை.

கருந்திரை:

பிழை வராததற்குக் காரணம், உங்கள் வயர்பிளம்பர் அந்தக் கோப்பில் உள்ள விதியைக் கண்டுகொள்வதே இல்லை. 2024-இல் வந்த 0.5 பதிப்பிலிருந்துதான் விதிகளை அந்த அடைவில் எழுதும் முறை உள்ளது. டெபியன் 12-இல் இருப்பது 0.4.13, அதில் விதிகளை லுவா மொழியில் எழுத வேண்டும். இன்று தேடினால் பெரும்பாலும் புதிய முறையே முன்னால் வருகிறது, எந்தப் பதிப்புக்கு என்று பலர் குறிப்பிடுவதும் இல்லை.

இல்ல அடைவின் '.கான்ஃபிக்/வயர்பிளம்பர்' என்பதற்குள் 'மெயின்.லுவா.டி' என்றோர் அடைவை உருவாக்கி, 51 என்ற எண்ணில் தொடங்கும் பெயருடன் விதியை இடுங்கள். எண் முக்கியம்: ஆல்சாவுக்கான அடிப்படை அமைப்பு 50-இல் ஏற்றப்படுகிறது, 90-இல் எல்லாம் இயக்கப்படுகின்றன, உங்கள் விதி இடையில் வர வேண்டும். பின்னர் 'சிஸ்டம்சிடிஎல் --யூசர்' மூலம் வயர்பிளம்பரை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதும்.

விதியின் பொருத்தம் 'ஆல்சா_அவுட்புட்.யூஎஸ்பி' என்று தொடங்கும் பெயர்களுக்கு மட்டும் இருக்கட்டும். பலர் உள்ளீட்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். அப்படிச் செய்தால், ஏதேனும் நிரல் ஒருமுறை ஒலிவாங்கியைப் பயன்படுத்தியபின் பைப்வயர் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும், நேரே ஆல்சாவிடம் பேசும் உங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் 'பிஸி' என்று திரும்பி வரும்.

டெபியன் 13-க்கு மாறும்போது வயர்பிளம்பரும் 0.5-க்குப் போய்விடும். அப்போது இந்த லுவா கோப்பு படிக்கப்படாது. நீங்கள் முன்பே எழுதிய கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால் அதுவே பயன்படும்.