மாட்டுக்குக் குளம்பு திருத்துறதைத் தொழிலா எடுக்கலாமா?

பாகூர்_பால்காரன்: கலப்பின மாடு ஆறு இருக்கு. மத்த பண்ணைகளுக்கும் போய்க் குளம்பு திருத்திக் குடுக்கலாம்னு யோசனை. எங்க ஆரம்பிக்கணும்? அளவு என்ன?

குளம்புக்கத்தி: முதல்ல அளவு. பின்னங்கால்ல உள்பக்க விரல்லதான் (குளம்பு ரெண்டா பிளந்திருக்குல்ல, அதுல உள்பக்கப் பாதி) தொடங்கணும். மயிர்க்கோட்டுக்குக் கீழே கெட்டிக் குளம்பு ஆரம்பிக்கிற இடத்துலேர்ந்து நுனி வரைக்கும் 7.5 செ.மீ., பெரிய மாட்டுக்கு 8. நுனியில அடித்தளக் கனம் 5 மி.மீ.க்குக் குறையவே கூடாது. உள்விரல் குதிகாலைத் தொடாதீங்க. அப்புறம் வெளிவிரலை அதுக்குச் சமமா இறக்குங்க. பின்னங்கால்ல அதுதான் அதிகம் வளரும், புண்ணும் பெரும்பாலும் அங்கதான். முன்னங்கால்ல உல்டா. கட்டைவிரலால அழுத்தினா அமுங்குதா, இளஞ்சிவப்பு தெரியுதா, அத்தோட நிறுத்திடுங்க. புதுசா வர்றவங்க கிரைண்டரை ஒரே இடத்துல வெச்சுத் தேய்ச்சுச் சூடாக்கிடுறாங்க. முதல்ல கத்தி பழகுங்க, இடதுகைக் கத்தி, வலதுகைக் கத்தி ரெண்டும் வேணும்.

கடலூர்_கால்நடை: லாடம் அடிக்கிற மாதிரி கயிறு போட்டுச் சாய்க்கிற வேலை சினை மாட்டுக்கு ஆகாது. மாட்டை நிறுத்திக் கட்ட இரும்புச் சட்டம் அடிச்சுக்குங்க, முதல் செலவே அதுதான். புதுச்சேரி குரும்பாப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியில பயிற்சி உண்டான்னு கேளுங்க. சீழ், ரத்தம் பார்த்தா டாக்டர் வேலை, நம்ம வேலையில்ல.

பாகூர்_பால்காரன்: நன்றிண்ணே. ஐப்பசி மழைச் சேத்துக்கு?

குளம்புக்கத்தி: மாடு காலை நனைச்சு நடக்கிற மாதிரி ஒரு தொட்டி வைங்க, அதுல 100 லிட்டர் தண்ணிக்கு 5 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). சாணியோட இறக்கினா மருந்து வீண், காலைக் கழுவிட்டு விடுங்க. அந்தத் தண்ணியை வயல்ல, குளத்துல மட்டும் ஊத்திடாதீங்க.