நிறுத்திய லாரியில் ஏசி: டீசல் யூனிட்டா, பேட்டரியா?

திருமங்கலம் லாரி ஓனர்:
தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றும் ட்ரெய்லர்கள் என்னுடையவை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு, அதாவது 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கு, கேபின் ஏசி கட்டாயம் என்று ஆகிவிட்டது. நல்லதுதான், ஆனால் அந்த ஏசியின் கம்ப்ரசர் எஞ்சினால் ஓடுவது. எஞ்சினை அணைத்தால் ஏசியும் நின்றுவிடும், டிரைவர் தூங்குவதோ வண்டி நிற்கும்போதுதான். அமெரிக்காவில் இதற்கென்றே கேபினுக்குப் பின்னால் ஒரு குட்டி டீசல் எஞ்சின் வைக்கிறார்கள், ஏபியு என்கிறார்கள், தெர்மோ கிங் ட்ரைபேக் மாதிரி. எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. டாங்கில் டீசல் இருக்கும்வரை ஓடும். யார்டில் பகல் முழுக்கக் காத்துக் கிடக்கும் வண்டிக்குப் பேட்டரி ஏசி தாங்காது.

கப்பலூர் வயரிங்காரன்:
அண்ணே, டீசல் யூனிட் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். பேட்டரியில் ஓடும் 24 வோல்ட் பார்க்கிங் ஏசி ராத்திரியில் சராசரியாக 25 ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள், எட்டு மணி நேரத்துக்கு 200 ஆம்பியர்-அவர். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் 180 ஆம்பியர்-அவர் பேட்டரி ஜோடியில் இதை ஓட்டினால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதையும் தாண்டி இழுத்தால் காலையில் செல்ஃப் எடுக்காது. நிறையப் பேர் இப்படித்தான் மாட்டிவிட்டு "பேட்டரி ஏசி ஏமாற்று வேலை" என்கிறார்கள். தனியாக லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வேண்டும், ஸ்டார்ட்டிங் பேட்டரியைத் தொடவே கூடாது. ஓட்டத்தில் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் சுழற்றும் டைனமோ, அதைச் சார்ஜ் செய்ய எஞ்சின் கூடுதலாகக் குடிப்பது இரண்டு, இரண்டரை லிட்டர்தான். டீசல் யூனிட் ஒரே ராத்திரியில் ஏழெட்டு லிட்டர் குடிக்கும்.

மேலூர்க்காரன், இப்போது டெக்சாஸ்:
இங்கே ஓட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஏபியு இங்கே பரவியதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. பனிக்காலத்தில் கேபினையும் எஞ்சினையும் சூடாக வைப்பதும் அதன் வேலை. அப்புறம் சட்டம்: கலிபோர்னியாவில் நின்ற வண்டியின் எஞ்சினை ஐந்து நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடவிட்டால், அதாவது ஐடிலில் விட்டால், அபராதம், 2008 முதல் படுக்கை உள்ள ஸ்லீப்பர் வண்டிக்கும் அதுதான். ஐடிலில் ஒரு பெரிய எஞ்சின் மணிக்குச் சுமார் 3 லிட்டர் எரிக்கும், ஏபியு ஒரு லிட்டருக்குள் முடித்துவிடும். யூனிட்டின் எடைக்கென்று 550 பவுண்டு, கிட்டத்தட்ட 250 கிலோ வரை மொத்த எடையில் சலுகையும் உண்டு. மதுரையில் கேபினைச் சூடாக்கும் வேலை ஏது? பாதி வேலை இல்லாத மெஷினுக்கு முழு விலையும், இன்னொரு எஞ்சினுக்கு ஆயில், ஃபில்டர், பெல்ட் என்ற செலவும் எதற்கு?

திருமங்கலம் லாரி ஓனர்:
சரி, ஆனால் ரெண்டு பேரும் ராத்திரியை மட்டும் பேசுகிறீர்கள். தூத்துக்குடியிலிருந்து மதுரை மூன்று மணி நேர ஓட்டம்தான். ஆல்டர்னேட்டரில் வண்டியின் சொந்தத் தேவை போக 40 ஆம்பியர் மிச்சம் என்று வைத்தால் 120 ஆம்பியர்-அவர்தான் ஏறும், தம்பி சொன்ன 200 எங்கே? கத்திரி வெயிலில் மதியம் ஒரு மணிக்கு நிழல் இல்லாத யார்டில் அதே ஏசி 40 ஆம்பியர் இழுக்கும், ஏறியதெல்லாம் மூன்று மணி நேரத்தில் காலி. எல்லோரும் பெங்களூர் லைன் ஓட்டுவதில்லை, குட்டை ஓட்டம், நீளக் காத்திருப்பு என்பதுதான் துறைமுக வேலை.

கப்பலூர் வயரிங்காரன்:
குட்டை ஓட்ட வண்டிக்கு நீங்கள் சொல்வது நியாயம், அங்கே பேட்டரி தடுமாறும். அதற்காக டீசலுக்குப் போக வேண்டியதில்லை. முதலில் கேபின் கூரைக்கும் பின்சுவருக்கும் உள்பக்கம் இன்சுலேஷன் ஒட்டுங்கள், கண்ணாடிக்கு வெள்ளித் திரை போடுங்கள், முன்கண்ணாடி வழியாக வரும் வெயிலைத் தடுக்காமல் எந்த ஏசியும் ஜெயிக்காது. வண்டி ஷெட்டில் நிற்கும்போது 230 வோல்ட் சார்ஜரில் முழுதாக ஏற்றிவிட்டு அனுப்புங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், லித்தியத்தை ஆல்டர்னேட்டரில் நேராக இணைக்கக் கூடாது. அது இழுக்கிற கரண்டில் ஆல்டர்னேட்டர் சுட்டுப்போகும். நடுவில் கரண்டை அளவோடு அனுப்பும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். டீசல் யூனிட்டை மாட்டச் சேசிஸில் இடமும் இல்லை, பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டியில் ஒரு பக்கம் சைலன்சர் பெட்டி, இன்னொரு பக்கம் டீசல் டாங்க், புகையைச் சுத்தம் செய்யும் திரவத்துக்கான டிஇஎஃப் டாங்க்.

லைன் டிரைவர், விருதுநகர்:
அண்ணே, உள்ளே படுக்கிறவன் பேச்சையும் கேளுங்கள். டீசல் யூனிட் தலைமாட்டில் ராத்திரி முழுக்க அதிரும், தூக்கம் கலைந்துகொண்டே இருக்கும். புகைக்குழாயில் ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும், வாசனையும் கிடையாது, தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். எஞ்சினையே ஐடிலில் விடச் சொல்வதும் வேண்டாம், பிஎஸ்6 வண்டியில் மணிக்கணக்காக ஐடில் ஓடினால் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அடைத்து, அந்தக் கரியை எரித்து நீக்கும் ரீஜெனரேஷன் கேட்டு நடுரோட்டில் விளக்கு எரியும். தண்ணீர் கூலர் வாங்கித் தருகிறேன் என்கிற முதலாளிகளும் உண்டு. அது எங்கள் ஊர் வறண்ட வெயிலில் கொஞ்சம் எடுபடும், தூத்துக்குடிக் கடல்காற்றில் மெத்தைதான் நனையும். நாங்கள் கேட்பது சொகுசு இல்லை. பகலில் வெந்து ராத்திரி தூங்காமல் நான்கு வழிச்சாலையில் 40 டன்னை ஓட்டுகிறோம்.

திருமங்கலம் லாரி ஓனர்:
தூக்கம் முக்கியம் என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை தம்பி, அதற்குத்தான் பணம் போட வந்திருக்கிறேன். பெங்களூர் போகும் வண்டிகளுக்குப் பேட்டரி, ஒத்துக்கொள்கிறேன். துறைமுக வண்டிக்கு மட்டும் என் மனசு இன்னும் டீசலில்தான் நிற்கிறது. அதிர்வுக்கு ரப்பர் மவுண்ட், புகைக்குச் சேசிஸுக்கு வெளியே நீளக் குழாய், கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று செய்தால் என்ன குறை?

கப்பலூர் வயரிங்காரன்:
மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவைப் பாருங்கள் அண்ணே. கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. சேசிஸில் இன்னோர் எஞ்சினை ஏற்றிவிட்டு தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்சிக்குப் போனால் கேள்வி வரும், விபத்து என்றால் இன்சூரன்ஸிலும் இதைத்தான் முதலில் தோண்டுவார்கள். பேட்டரி ஏசிக்கும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது, கூரையில் துளை போடுகிறோமே. துறைமுக வண்டிக்கு 200க்குப் பதில் 300 ஆம்பியர்-அவர் போடுங்கள், ஷெட் சார்ஜரோடு சேர்த்தால் பகலில் ஏழு மணி நேரம் நிற்கும்.

லைன் டிரைவர், விருதுநகர்:
எதைப் போட்டாலும் ஸ்விட்ச் எங்கள் கையில் இருக்கட்டும். ஏசிக்குச் செலவான டீசலை மைலேஜ் கணக்கில் சேர்த்துப் பேட்டாவில் பிடிக்கக் கூடாது.

திருமங்கலம் லாரி ஓனர்:
பிடிக்க மாட்டேன், டிரிப் ஷீட்டில் தனி வரியாகப் போடச் சொல்கிறேன். வயரிங் தம்பி, 300 ஆம்பியர்-அவருக்குச் சார்ஜரோடு எஸ்டிமேட் அனுப்பு. டீசல் யூனிட் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துறைமுக வண்டிக்கு முடிவு சொல்வேன்.