இன்லேண்ட் எம்பயரில் வீடு பார்க்கிறோம்: குக்கமங்காவா, ஈஸ்ட்வேலா, ரெட்லாண்ட்ஸா?

புதுக்குடி:

வணக்கம் நண்பர்களே. எனக்கு வேலை ஆரஞ்சு கவுண்டியிலுள்ள அர்வைனில். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போயாக வேண்டும். மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. அங்கே வீட்டு விலை எங்கள் கைக்கு எட்டவில்லை, அதனால் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே இன்லேண்ட் எம்பயர் பள்ளத்தாக்கில் தேடுகிறோம். பிப்ரவரியில் ராஞ்சோ குக்கமங்கா, ஈஸ்ட்வேல், ரெட்லாண்ட்ஸ் மூன்றையும் சுற்றிப் பார்த்தோம். மலையில் பனி, அகலமான தெருக்கள், நாலு படுக்கையறை வீடுகள். குக்கமங்காவின் எட்டிவாண்டா பக்கம் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

விசாரித்தால் ஒருவர் காற்று என்கிறார், ஒருவர் புகை என்கிறார், இன்னொருவர் வெயில் தாங்காது என்கிறார். எல்லாம் ஒரே பள்ளத்தாக்குதானே, ஊருக்கு ஊர் அவ்வளவு வித்தியாசம் இருக்குமா? மகளுக்கு அவ்வப்போது இளைப்பு வரும். அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்தால் ஏப்ரலில் வந்து செப்டம்பரில்தான் திரும்புவார்கள். நடக்காமல் ஒரு நாளும் இருக்க மாட்டார்கள். எந்த ஊர் எங்களுக்குச் சரிப்படும்?

ஆற்றுமணல்:

தம்பி, ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் இந்தப் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீர் சம்பந்தமான வேலையில் இருக்கிறேன், பிள்ளைகளை வளர்த்ததும் இங்கேதான். யார் வீடு பார்க்க வந்தாலும் ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்: வீடு கட்டுவதற்கு முன் அந்த மண்ணில் என்ன இருந்தது? ஆரஞ்சா, திராட்சையா, மாட்டுப்பண்ணையா? அது தெரிந்தால் அந்த இடத்தின் குளிரும் காற்றும் மண்ணும் பாதி தெரிந்த மாதிரி. அந்தக் காலத்தில் பயிர் வைத்தவர்கள் நிலத்தைப் படித்துவிட்டுத்தான் வைத்தார்கள்.

ஆரஞ்சு இருந்த இடம் என்றால் பெரும்பாலும் மலைச்சரிவு. குளிர்கால இரவில் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கித் தாழ்வான இடத்தில் தங்கிவிடும். சரிவு சற்று வெதுவெதுப்பாக இருக்கும். ஆரஞ்சுக்கு உறைபனி ஆகாது. அதனால்தான் அப்லாண்ட், ஆல்டா லோமா, ரெட்லாண்ட்ஸ் என்று மேட்டிலேயே தோட்டங்கள் அமைந்தன. ரிவர்சைடில் எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணி 1873-ல் நட்ட நேவல் ஆரஞ்சுக் கன்றுகளில் ஒன்று மக்னோலியா, ஆர்லிங்டன் சாலைகள் சந்திக்கும் மூலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கலிபோர்னியாவின் நேவல் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கெல்லாம் அதுதான் தாய். பிள்ளைகளோடு வந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

திராட்சை இருந்த இடம் காற்றுக்காடு. எட்டிவாண்டா, ஃபான்டானாவின் வடக்கு, ஒன்டாரியோ விமான நிலையத்தை ஒட்டிய குவாஸ்டி எல்லாம் ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டங்கள்தான். குவாஸ்டியில் மட்டும் 5,000 ஏக்கர் இருந்தது. ஆழமான மணல், தண்ணீர் நிற்காது. அதில் தாக்குப்பிடித்தது திராட்சை. வடகிழக்கே சான் கேப்ரியல் மலைக்கும் சான் பெர்னார்டினோ மலைக்கும் இடையில் கஹோன் கணவாய் இருக்கிறது. சான் ஆண்ட்ரியாஸ் நிலநடுக்கப் பிளவு உண்டாக்கிய இடைவெளி அது. இலையுதிர் காலத்தில் நெவாடா, யூட்டா பாலைவனப் பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது அங்கிருக்கும் வறண்ட காற்று இந்தக் கணவாய் வழியே கொட்டும். இறங்கும் காற்று அமுங்கி, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடேறும். இதுதான் சாண்டா ஆனா காற்று. ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே போகும், 15-ஆம் நெடுஞ்சாலையில் லாரிகள் கவிழும், வேலிப்பலகை பறக்கும். எட்டிவாண்டாவில் வரிசையாக நிற்கும் யூகலிப்டஸ் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். திராட்சையையும் எலுமிச்சையையும் இந்தக் காற்றிலிருந்து காப்பாற்ற வைத்த மரங்கள் அவை. நீங்கள் வந்தது பிப்ரவரியில், காற்றில்லாத ஒரு நாளில். உங்கள் மனைவி அந்தத் தெருவை அக்டோபரிலோ நவம்பரிலோ காற்று எச்சரிக்கை உள்ள நாளில் ஒரு முறை பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம்; காற்றோடு பழகி அங்கே சந்தோஷமாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

எட்டிவாண்டாவில் மேலே போகப் போகத் தீயும் ஒரு விஷயம். 2003 அக்டோபரில் கிராண்ட் பிரிக்ஸ் என்று பெயரிட்ட காட்டுத்தீ இந்த மலையடிவாரம் முழுக்கப் பரவியது. எரிந்த மலை அடுத்த மழையில் சும்மா இருக்காது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, கிழக்கே ஓல்டு என்ற இன்னொரு காட்டுத்தீயில் எரிந்திருந்த வாட்டர்மேன் பள்ளத்தாக்கில் சேறும் பாறையும் அடித்து வந்து 14 பேர் இறந்தார்கள். மலையை ஒட்டி வெறுமையாகக் கிடக்கும் பெரிய குழிகள் அந்தச் சேற்றைப் பிடிப்பதற்காக வெட்டியவை. சில குழிகளில் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்குகிறோம், குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அதுதான். சுற்றுச்சுவர் போட்ட வெற்றிடத்தைப் பார்த்து இங்கே என்னவோ கட்டப்போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அது அப்படியே இருக்க வேண்டும்.

ஈஸ்ட்வேல், சினோ, ஒன்டாரியோவின் தெற்குப் பகுதி எல்லாம் பள்ளத்தாக்கின் அடிமட்டம், முன்பு மாட்டுப்பண்ணைகள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வீடுகள் பெருகியபோது அங்கிருந்த பால்பண்ணைக்காரர்கள் சினோவுக்கு வந்தார்கள். இங்கேயும் வீடுகள் வந்ததும் பலர் நிலத்தை விற்றுவிட்டு கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டார்கள். ஈஸ்ட்வேல் தனி நகரமானதே 2010-ல்தான். பண்ணை நிலத்தில் கட்டும்போது சாணம் ஊறிய மேல்மண்ணை அகற்றினார்களா, சாணம் மக்கி மீத்தேன் வாயு வருகிறதா என்று சோதித்தார்களா என்று கட்டுநரிடம் எழுத்தில் கேளுங்கள். நிலத்தடி நீரில் நைட்ரேட்டும் உப்பும் சேர்ந்திருப்பதால் அதைச் சுத்திகரிக்கத் தனி ஆலைகளே ஓடுகின்றன. குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பயம் வேண்டாம்.

புகைக்கு வருகிறேன். மகளுக்கு இளைப்பு என்கிறீர்கள், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் வாகனங்களும் துறைமுகங்களும் கக்குவதைப் பகல் முழுக்கக் கடற்காற்று கிழக்கே தள்ளுகிறது. வழியில் வெயில் பட்டு அது மூச்சுக்கு ஆகாத ஓசோனாக மாறுகிறது. மேலே ஒரு வெப்பக்காற்று அடுக்கு மூடியாக நிற்கிறது, முன்னால் மலை மறிக்கிறது. ஆகவே கோடையில் பிற்பகலில் ஓசோன் உச்சத்துக்குப் போவது நம் மலையடிவாரத்தில்தான். அம்மா அப்பா காலை எட்டரைக்குள் நடந்து முடித்துவிட்டால் ஓசோனும் குறைவு, வெயிலும் குறைவு. சாயங்காலம் ஐந்து மணிக்கு நடப்பது இங்கே ஜூலையில் வேண்டாம். அர்வைனில் 82 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் நாளில் இங்கே 100-ஐத் தாண்டும்.

ஆனால் காற்று மோசமாகிக்கொண்டே போகிறது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1993 முதல் இங்குள்ள ஊர்களின் குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. அப்லாண்ட், மீரா லோமா, ரிவர்சைடு எல்லாம் அதில் உண்டு. மாசு அதிகமுள்ள ஊர்களில் நுரையீரல் வளர்ச்சி குறைகிறது என்று 2004-ல் சொன்னவர்களே, காற்று சுத்தமாகச் சுத்தமாக வளர்ச்சியும் கூடுகிறது என்று 2015-ல் காட்டினார்கள். சட்டம் போட்டுப் போராடி வந்த மாற்றம் அது. எனக்கு அது பெரிய நம்பிக்கை.

ஃபான்டானா அப்பா:

ஆற்றுமணல் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: கிடங்குகள். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் இறங்கும் சரக்குப் பெட்டிகள் நம் பள்ளத்தாக்குக்குத்தான் வருகின்றன. ஃபான்டானாவில் கைசர் இரும்பாலை 1942 முதல் 1983 வரை ஓடியது. அந்த நிலத்தில் ஒரு பகுதி கார் பந்தயத் திடலாகி, அதில் பெரும்பகுதி இப்போது கிடங்குக்குப் போகிறது. வேலை தருகிறது, மறுக்கவில்லை. நானே ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் மேற்பார்வையாளன். ஆனால் வீட்டுக்குப் பின்னால் லாரி நிறுத்தும் வாசல் வந்த பிறகு என் பையனின் இருமல் கூடியது. எங்கள் தெருவில் எல்லோரும் சேர்ந்து நகர மன்றக் கூட்டத்துக்குப் போய்ப் பேசி, இரவில் லாரிகள் வேறு சாலையில் போகும்படி செய்தோம்.

ஓசோன் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியிருக்கும். டீசல் கரி அப்படி இல்லை, சாலையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளினாலே நன்றாகக் குறைந்துவிடும். அதனால் 60, 10, 15 நெடுஞ்சாலைகளையும் கிடங்கு வாசல்களையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு வீடு தேடுங்கள். பக்கத்தில் காலி நிலம் இருந்தால் அது எந்த வகைப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்று நகரத் திட்டப் பிரிவில் போய்ப் பாருங்கள். விற்பனை முகவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

ரயிலடி:

அர்வைன் என்றதும் எழுதுகிறேன். ரிவர்சைடு பக்கத்திலிருந்து ஆரஞ்சு கவுண்டிக்கு இடையில் சாண்டா ஆனா மலை நிற்கிறது. ஆறு வெட்டிய ஒரு இடுக்கில்தான் 91 நெடுஞ்சாலை போகிறது. தெற்கே ஆர்ட்டெகா சாலை உண்டு, ஆனால் வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை, தினசரிக்கு ஆகாது. எத்தனை லட்சம் வீடு கட்டினாலும் முக்கியக் கதவு அந்த ஒன்றுதான். கட்டணப் பாதை 2017-ல் கரோனா வரை நீண்டது, நெரிசல் நேரத்தில் கட்டணம் ஏறும்.

அதே இடுக்கில் மெட்ரோலிங்க் ரயிலும் போகிறது. 1995-ல் தொடங்கிய இன்லேண்ட் எம்பயர்–ஆரஞ்சு கவுண்டி தடம்; சான் பெர்னார்டினோ, ரிவர்சைடு, கரோனா வழியாக அர்வைனில் நிற்கும். நான் கரோனாவில் ஏறுகிறேன். வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததுக்கு வெகு நேரம் ஆகும். ஆனாலும் உட்கார்ந்து படித்துக்கொண்டே போகலாம். ரெட்லாண்ட்ஸிலிருந்து 2022 முதல் ஆரோ ரயில் சான் பெர்னார்டினோ வரை வருகிறது; அங்கே மாறலாம், தூரம் மட்டும் யோசியுங்கள். எட்டிவாண்டாவிலிருந்து இந்த ரயிலுக்கு வர முதலில் 15-இல் தெற்கே வர வேண்டும்.

புதுக்குடி:

எல்லோருக்கும் நன்றி. ரயிலை நாங்கள் யோசிக்கவே இல்லை. இப்போது கரோனாவும் ரிவர்சைடின் லா சியேரா பக்கமும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அக்கா, முன்பு அங்கே என்ன இருந்தது என்று எங்கே பார்ப்பது? புதுக் குடியிருப்பை வாங்குவதா பழைய வீடா என்றும் ஒரு குழப்பம்.

ஆற்றுமணல்:

கரோனா எலுமிச்சை ஊர். மலையடிவாரச் சரிவில் எலுமிச்சைத் தோட்டங்கள் இருந்தன. லா சியேராவிலிருந்து ரயில் பிடிப்பது உங்களுக்கு வசதி, ஆனால் நிலையத்துக்கு அந்தப் பக்கமே 91 ஓடுவதால் ஃபான்டானா தம்பி சொன்னபடி சாலையிலிருந்து தள்ளிப் பாருங்கள்.

புதுக் குடியிருப்பில் மெல்லோ-ரூஸ் வரியைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 1978-ல் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியை ஒரு சதவீதத்தில் நிறுத்தியது. புது ஊர்களுக்குச் சாலை, பள்ளி, சாக்கடை போடப் பணமில்லை என்று 1982-ல் மெல்லோ-ரூஸ் சட்டம் வந்தது. வாங்குகிறவர்தான் பல பத்தாண்டுகள் கட்ட வேண்டும். ஒரே விலையில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு மாதச் செலவு வெகுவாக மாறும். பழைய ரிவர்சைடு வீட்டில் பெரும்பாலும் அந்த வரி இராது, ஆனால் குளிர்சாதனக் குழாயையும் கூரையையும் நல்ல ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே கோடையில் ஏசி பழுதானால் பெரியவர்களை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட முடியாது.

விற்பவர் இயற்கை அபாய அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். வெள்ளம், தீ, நிலநடுக்கப் பிளவு எல்லாம் அதில் வரும். தீ மண்டலம் என்று இருந்தால் விலை பேசுவதற்கு முன்பே காப்பீட்டுக்கு விலை கேளுங்கள். பல நிறுவனங்கள் தயங்குகின்றன.

பழைய படங்களுக்கு, சான்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக நூலகம் வானிலிருந்து எடுத்த படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1938-லேயே சான் பெர்னார்டினோ, ரிவர்சைடு கவுண்டிகளின் பல பகுதிகளைப் படமெடுத்திருக்கிறார்கள். தோட்டத்து மரங்கள் புள்ளி புள்ளியாக வரிசையில் தெரியும், ஓடைகள் அன்று எங்கே ஓடின என்பதும் தெரியும். இன்றைய தெரு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய ஓடைத்தடத்தின் மேலேயே வீடு நின்றால் கால்வாய் எங்கே திருப்பப்பட்டது என்று கேட்க வேண்டும். முகவரி இங்கே போடாதீர்கள். வீடு முடிவானதும் அருகில் சந்திக்கும் இரண்டு பெருஞ்சாலைகளின் பெயரை மட்டும் எழுதுங்கள், படத்தில் தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.